நான் போட்ட வரி

எங்கள் கம்பெனியில் எது நின்றுபோனாலும் முதலில் ஒரு குரல் கேட்கும். "இருங்க, கடைசியா நான் எதத் தொட்டேன்னு பாக்கேன்." அது சிஸ்டம் அக்காவின் குரல். பிரிண்டர் நின்றாலும் அதேதான், இன்டர்நெட் நின்றாலும் அதேதான். ஒருமுறை கேன்டீனில் தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின் நின்றுபோய், எல்லோரும் டம்ளரோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். வரிசையின் நடுவிலிருந்து அக்கா கையைத் தூக்கினார். "காலையில அந்தப் பிளக்கப் புடுங்கிட்டு என் போனுக்கு சார்ஜ் போட்டேன். நான்தான்." பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் கை தூக்குவோமே, அப்படித்தான் தூக்கினார். கூச்சமில்லை, வருத்தமில்லை. போய் பிளக்கை மாட்டிவிட்டு வந்து, வரிசையில் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டார்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்கள் ஓசூரில் வேலை பார்த்ததில்லை. எந்த ஷெட்டுக்குள் நுழைந்து கெட்டுப்போன எதைப் பற்றிக் கேட்டாலும், "நான் ஷிஃப்ட் எடுக்கறப்பவே இப்படித்தாங்க இருந்துச்சு" என்ற பதில் தயாராக இருக்கும். முந்தைய ஷிஃப்ட்காரரைப் பிடித்துக் கேட்டால் அவரும் அதையேதான் சொல்வார். எல்லா ஷிஃப்டையும் விசாரித்து முடித்தால், அந்த மெஷின் பிறக்கும்போதே கெட்டுப் பிறந்தது என்று ஆகிவிடும். நானும் அந்தப் படிப்பில் தேறியவன்தான். வெளியூர் சர்வீஸுக்குப் போகிற எங்களுக்கு முதலாளியே ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்திருந்தார். கஸ்டமர் இடத்தில் காலை வைத்ததும், "சார், உங்க எர்த்திங் சரியில்ல" என்று சொல்லிவிட வேண்டும். அதற்கப்புறம் நிதானமாகப் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். எர்த்திங் சரியாக இருக்கிறது என்று அடித்துச் சொல்கிற தைரியம் எந்த ஆலையிலும் யாருக்கும் இருந்ததில்லை.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தொழிற்பேட்டையின் உள்சந்தில், ஒரு லேத் பட்டறைக்கும் ஒரு டீக்கடைக்கும் நடுவில் இருக்கிற ஷெட். மெஷின்களை ஓட்டுகிற கண்ட்ரோல் பெட்டிகள் செய்கிறோம். மோட்டார் எப்போது சுற்றவேண்டும், வால்வு எப்போது திறக்கவேண்டும் என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் புரோகிராமாக இருக்கும். அந்தப் புரோகிராம்களைச் சரிபார்ப்பதும், ஆபீஸ் சர்வரையும் எங்கள் லேப்டாப்புகளையும் கட்டி மேய்ப்பதும் அக்காவின் வேலை.

தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரர். கணவருக்கு ஓசூரில் வேலை கிடைத்ததால் வந்தவர். வந்து எத்தனையோ வருடம் ஆகியும் இந்த ஊர்க் குளிர் அவருக்குப் பழகவே இல்லை. நாங்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு திரிகிற சித்திரை மாதத்திலும் அவர் ஸ்வெட்டரைக் கழற்றமாட்டார். மதியச் சாப்பாட்டில் கருவாடு இல்லாத நாள் குறைவு. அவர் டப்பாவைத் திறந்தால் ஸ்டோர்ஸில் இருக்கிற கன்னடக்கார அம்மா தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். அங்கே உட்கார்ந்துகொண்டு அக்காவிடம்தான் பேசுவார். இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சிநேகம்.

அந்த அம்மாதான் ஒருநாள் கேட்டார். "ஏன்மா, உங்க சர்ச்சில பாவசங்கீர்த்தனம் இருக்குதல்ல, அதுல பழகிப்போயித்தான் இங்கேயும் எல்லாத்துக்கும் நான் நான்னு சொல்றியா?"

அக்கா முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டு யோசித்தார். "அது வேற, இது வேற. அங்க சொல்லுதது ஆண்டவருக்கு முன்னாலயே தெரியும். இங்க தெரியாதவங்களுக்குல்லா சொல்லணும். சொல்லலன்னா அவங்க தப்பான எடத்துல தேடிக்கிட்டு இருப்பாங்க."

அவ்வளவுதான் அவருடைய தத்துவம். அதற்குமேல் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. யாருக்கும் புத்தி சொல்லமாட்டார். நாங்கள் பொய் சொல்வதைக் கேட்டால் காதில் விழாதவர்போல இருப்பார். தன் கை எதுவரை பட்டதோ அதுவரைதான் அவர் பேச்சு. அந்த எல்லைக்குள் மட்டும் யாராலும் அவரைத் தடுக்க முடியாது.

எல்லா நேரமும் இது ரசிக்கும்படி இருந்தது என்று சொன்னால் அது பொய். விரல் வைத்து வருகை பதிகிற மெஷினை ஒருமுறை சரிசெய்யப் போய் எல்லோருடைய வருகையையும் அழித்துவிட்டார். யாருக்கும் தெரியாமல் சரிசெய்திருக்கலாம். கேன்டீனில் சாப்பாட்டு நேரத்தில் எழுந்து நின்று அறிவித்தார். பெங்களூரிலிருந்து ஒரு பெரிய கஸ்டமரின் ஆட்கள் தணிக்கைக்கு வந்தபோது நடந்தது அதைவிட மோசம். ஏதோ ஒரு புரோகிராமைக் காட்டி, இதைச் சோதிக்காமல் அனுப்பியது யார் என்று பொதுவாகத்தான் கேட்டார்கள். நாங்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தோம். அக்கா கையைத் தூக்கிவிட்டார். தணிக்கை ஊத்திக்கொண்டது. பழைய புரோகிராம்கள் அத்தனையையும் மறுபடி சோதிக்கச் சொன்னார்கள். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. அந்த ஞாயிறுகளில் அக்கா மேல் எனக்கு உண்மையாகவே கோபம் இருந்தது. அவர் எதிரில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வேலை செய்தேன்.

ஊரிலிருக்கிற பழியெல்லாம் அக்கா தலையில்தான் விடியும் என்று ஸ்டோர்ஸ் அம்மா பயந்தார். அதுவும் நடந்தது. கண்ணாடி உடைந்த ஸ்கேனர் ஒன்றை யாரோ கொண்டுபோய் அவர் மேசையில் வைத்துவிட்டு, "அக்கா, இது நீங்கதானே" என்றார்கள். அக்கா அதை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "இல்ல. இது நான் இல்ல." அந்த 'இல்ல'வும் அவருடைய 'நான்தான்' மாதிரியே இருந்தது. அழுத்தமும் கிடையாது, கோபமும் கிடையாது. வைத்த ஆளே பேசாமல் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அதோடு அந்த விளையாட்டு நின்றது.

எங்கள் லேப்டாப்புகள் பழையவை. புதிது வாங்க முதலாளிக்கு மனம் வரவில்லை. அக்கா அவற்றைத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். முதலில் நாங்கள் முணுமுணுத்தோம். பிறகு அது வேகமாக ஓடியதால் வாயை மூடிக்கொண்டோம். ஆன் செய்தால் திரை நடுவில் ஒரு லோகோ வரும். அதன் கீழே ஒரு சின்ன வட்டம் சுற்றும். அக்காவின் லேப்டாப்பில் மட்டும் லோகோ இருக்காது. எழுத்து எழுத்தாக வரிகள் ஓடிக்கொண்டே வரும். ஏன் என்று கேட்டேன். "இந்த வட்டம் நம்மள சும்மா சமாதானப்படுத்ததுக்குப் போட்டது தம்பி. உள்ள வேல நடந்தாலும் சுத்தும், நடக்கலன்னாலும் சுத்தும். என்னுது என்ன செய்யுதுன்னு சொல்லிக்கிட்டே வரட்டும்."

இனி அந்த வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பென் டிரைவில் பழைய புரோகிராமை வைத்துக்கொண்டு போய்க் கஸ்டமர் பெட்டியில் ஏற்றிவிட்டு வருவது எங்களில் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. அதை ஒழிக்க அக்கா சர்வரில் 'பொது' என்று ஒரு ஃபோல்டர் வைத்தார். சரியான புரோகிராம் அங்கே மட்டும்தான் இருக்கும். எல்லா லேப்டாப்பும் ஆன் ஆகும்போதே அந்தப் பொது ஃபோல்டரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். வெளியூர் கிளம்புகிறவர் காலையில் அதிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு போகவேண்டும். ஏற்பாடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் சந்தில் காலையில் கரண்ட் போய்ப் போய் வரும். லேப்டாப்புகள் ஆன் செய்ததும் உடனே எழுந்துவிடும், கரண்டோடு படுத்த கிழட்டு சர்வர் எழுந்து வர நேரமாகும். அதற்குள், "அக்கா, பொதுவக் காணோம்" என்று ஆளாளுக்குக் கத்துவோம். இரண்டு நாள் பொறுத்தவர், எல்லா லேப்டாப்பிலும் ஒரு வரி எழுதினார். சர்வர் வரும்வரை காத்திரு, எவ்வளவு நேரமானாலும் காத்திரு, அதற்கப்புறம்தான் மேலே போக வேண்டும். கத்தல் நின்றது.

அந்த வரியில் இருந்த கோளாறு யாருக்கும் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம் எங்கள் பழக்கம். வெளியூர் கிளம்பும்போது சர்வீஸ்காரர்கள் யாரும் லேப்டாப்பை முழுதாக நிறுத்துவதில்லை. ஆபீஸில் காலையில் ஆன் செய்வோம், வேண்டியதை எடுப்போம், மூடியைச் சாத்திப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவோம். கஸ்டமர் இடத்தில் மூடியைத் தூக்கினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். வெளியூரில் ஒரு லேப்டாப்பை முதலிலிருந்து ஆன் செய்ய வேண்டிய தேவை எவருக்கும் வந்ததே இல்லை.

எனக்கு வந்தது. மாம்பழ சீசன் உச்சத்தில் கிருஷ்ணகிரிக்கு வெளியே ஒரு கூழ் ஆலை. பெரிய பைகளில் கூழை நிரப்புகிற மெஷின் எங்கள் பெட்டியில்தான் ஓடுகிறது. முந்தின ராத்திரி அடித்த காற்றில் கரண்ட் போய், வெகுநேரம் கழித்து வந்திருக்கிறது. பெட்டிக்குள் இருக்கிற சின்ன பேட்டரி தீர்ந்து புரோகிராம் அழிந்துவிட்டது. திரும்ப ஏற்றினால் முடிந்தது. ஆனால் ஓசூரில் நான் பஸ் ஏறியபோதே லேப்டாப்பில் சார்ஜ் குறைவு. வழியில் நெரிசலில் பஸ் ஊர்ந்துகொண்டிருக்க, பைக்குள்ளேயே அது செத்துப்போய்விட்டது.

ஆலை வாசலில் பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் சாலைவரை நின்றன. உள்ளே தரையெல்லாம் பிசுபிசுப்பு. இனிப்பும் புளிப்புமான வாடை தொண்டைவரை வந்தது. மேனேஜர் என்னைப் பார்த்ததும் என்னோடு பேசாமல் எலெக்ட்ரீஷியனோடு பேசினார், பேச்சு என்றால் வசவு. கரண்ட் வந்ததும் மெயினை அவர் முறையாகப் போடவில்லை, அதனால்தான் பெட்டி போச்சு என்பது மேனேஜரின் கட்சி. எலெக்ட்ரீஷியன் வேப்பனப்பள்ளிப் பக்கத்து ஆள், தெலுங்கு பேசுகிறவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். டெஸ்டரைக் கையில் பிடித்துக்கொண்டு, "சரியாத்தான் சார் போட்டேன்" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அவரிடம்தான் ஒரு பிளக் கேட்டேன். அவர் பேனலுக்குப் பக்கத்தில் காட்டினார். மாட்டி ஆன் செய்தேன். லோகோ வந்தது, வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன், மறுபடியும் வட்டம். இன்னொரு முறையும் போட்டுப் பார்த்தேன். அதற்குள் மேனேஜர் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

"என்னாப்பா, தொறக்கலயா?"

"இல்ல சார், பாத்துக்கிட்டிருக்கேன்."

அவர் எலெக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினார். "காத்தால மெஷினு, இப்ப லேப்டாப்பு. நீ கரண்ட் குடுக்கறதெல்லாம் சாவுது. இன்னும் எதக் கொல்லலாம்னு பாத்துக்கினு நிக்கற? கணக்க முடிச்சிக்கினு வீட்டுக்குப் போ. நாளையிலருந்து வேற ஆளு."

எலெக்ட்ரீஷியன் டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகினார். பக்கத்தில் கிடந்த டிரம்மின் மேல் உட்கார்ந்தார். சீசனில் வேலை போனால் அடுத்த சீசன்வரை அவருக்கு எங்கே வேலை கிடைக்கும்? அது அவருக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். எங்கள் முதலாளி சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை நான் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. கஸ்டமரே அதைச் சொல்லிவிட்டார். அக்காவுக்குப் போன் போட்டேன். கீபோர்டுக்கு இரண்டு கையும் வேண்டும் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுப் பேனல் மேல் வைத்தேன்.

"அக்கா, லேப்டாப் தொறக்கல. லோகோ சுத்திக்கிட்டே இருக்கு. மூணு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்."

"எதுக்கு மூணு தடவ? மொத தடவயே அது என்ன சொல்லுதுன்னு நீ கேக்கலல்லா. எஸ்கேப் கீய அமுக்கு." அதற்குள் மேனேஜர் மறுபடி சத்தம் போட ஆரம்பித்தார். "யாரு தம்பி சத்தம் போடுதது?"

"மேனேஜர் சார்க்கா. எலெக்ட்ரீஷியன் அண்ணன வேலைய விட்டுப் போகச் சொல்றாரு. அவரு குடுத்த பிளக்குல மாட்டினதாலதான் லேப்டாப் போச்சுன்னு."

"சரி. நீ எஸ்கேப்ப அமுக்கு."

அமுக்கினேன். லோகோ மறைந்து கறுப்புத் திரையில் வரிகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் பச்சையில் ஓகே போட்டிருந்தது. கடைசி வரிக்கு முன்னால் மட்டும் சிவப்பு நட்சத்திரங்கள் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தன.

"கடைசி வரிய வாசி."

"ஒரு வேல ஓடிக்கிட்டிருக்குன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்குக்கா. நம்ம 'பொது' ஃபோல்டர் பேரு இருக்கு. பக்கத்துல நேரம் ஓடுது. அதுக்குப் பக்கத்துல 'நோ லிமிட்'னு இருக்கு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். அக்கா என்ன யோசிக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்பதும் புரிந்தது. அவசரமாகக் குனிந்து, "அக்கா, ஸ்பீக்கர்ல இருக்கீங்க" என்றேன். எங்கள் தொழிலில் அப்படிச் சொன்னால், கஸ்டமர் பக்கத்தில் இருக்கிறார், பார்த்துப் பேசுங்கள் என்று அர்த்தம். எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"நல்லதாப் போச்சு" என்றார். குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். "மேனேஜர் சார், நான் ஓசூர்லருந்து பேசுதேன். இந்த லேப்டாப் நின்னதுக்கு உங்க கரண்டு காரணம் இல்ல. நான் போட்ட வரிதான் காரணம்."

மேனேஜர் போனுக்குப் பக்கத்தில் வந்தார். "என்னா வரிம்மா?"

"எங்க ஆபீஸ் சர்வர் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருன்னு இதுக்குச் சொல்லி வச்சிருக்கேன். இங்கன சர்வர் பக்கத்துலயே இருக்கு, வந்துரும். அங்க கிருஷ்ணகிரில எத்தன நாள் காத்துக் கெடந்தாலும் வராது. நான் சொன்னதத்தான் அது செய்யுது. வெளியூர்ல ஆன் பண்ணுவாங்கன்னு நான் யோசிக்கல. தப்பு என்னுது. பெட்டியில புரோகிராம் அழிஞ்சதுகூட உள்ள இருக்குத பேட்டரி தீந்ததாலதான், அதும் எங்க பெட்டி. ரெண்டுக்கும் அந்த அண்ணனுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது."

எலெக்ட்ரீஷியன் டிரம்மிலிருந்து எழுந்து நின்றார். அவரும் மேனேஜரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"அப்ப இப்ப என்னா பண்றது?" என்று கேட்டார் மேனேஜர்.

"கொஞ்ச நேரம் குடுங்க. தம்பி கையாலயே சரி பண்ணிரலாம்."

பிறகு நடந்ததெல்லாம் எளிது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கச் சொன்னார். மறுபடி ஆன் ஆகும்போது ஒரு கீயைப் பிடித்திருக்கச் சொன்னார். மெனு வந்தது. அதில் பழுதுபார்க்கிற வழியில் போகச் சொல்லி, ஒரு ஃபைலைத் திறக்க வைத்தார். அந்த வரி அங்கே இருந்தது. அதற்கு மேலேயே, இதைப் போட்டது இன்னார் என்று அக்கா தன் பெயரை எழுதி வைத்திருந்தார். தான் தொட்ட ஒவ்வொரு இடத்திலும் அவர் அப்படித்தான் எழுதி வைப்பாராம். வரியின் முன்னால் ஒரு ஹேஷ் குறி போடச் சொன்னார். அந்தக் குறி போட்டுவிட்டால் லேப்டாப் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். சேமித்து ஆன் செய்தேன். லோகோ வந்த வேகத்தில் போனது. காலையில் எடுத்து வைத்த புரோகிராம் பத்திரமாக இருந்தது. பெட்டிக்கு ஏற்றியதும் மெஷின் ஒருமுறை செருமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

கிளம்பும்போது எலெக்ட்ரீஷியன் வாசல்வரை கூடவே வந்தார். "அந்தம்மா பேரு என்னா?" என்று கேட்டார். சொன்னேன். மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

முதலாளிக்கு விஷயம் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் அக்காவை எங்கள் எல்லோருக்கும் எதிரிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, கஸ்டமரே கரண்ட் பிரச்சினைன்னு சொல்றாரு. கைல கொண்டாந்து குடுக்கறாரு. அத வாங்கி வெச்சிக்கறதுக்கு உனக்கு என்ன?"

"வாங்கியிருந்தா அந்த அண்ணனுக்கு வேல போயிருக்கும் சார்."

"அது அவங்க ஆலை விஷயம்."

"வரி நான் போட்டது சார். அதனால என் விஷயம்."

முதலாளி மேசையிலிருந்த போனைக் காட்டினார். "இனிமே கஸ்டமர் போன் எதையும் நீ எடுக்காத. அவ்வளவுதான்."

"சரி சார்" என்றார் அக்கா. சொன்னபடியே எடுப்பதையும் விட்டுவிட்டார். அன்று மதியம் எங்கள் அத்தனை பேரையும் லேப்டாப்போடு பக்கத்து டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சர்வரின் கை எட்டாத இடம் அதுதான். கொஞ்ச நேரம் பார், வராவிட்டால் விட்டுவிட்டு மேலே போ என்று வரியை மாற்றி எழுதியிருந்தார். ஒவ்வொரு லேப்டாப்பையும் முழுதாக அணைத்து, பெஞ்சில் வைத்து ஆன் செய்து பார்த்தோம். டீ மாஸ்டர், ஏதோ பரீட்சை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு ரேடியோவைக் குறைத்தார். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கையில் டீயோடு பெஞ்சுக்குப் பெஞ்சு குனிந்து பார்த்துக்கொண்டு வந்தாரே, அந்த அக்காதான் இப்போதும் என் கண்ணில் நிற்கிறார். அந்த ஞாயிறுகளில் அவர் மேல் வந்த கோபம் எனக்கு அன்றைக்குத்தான் போனது.

பிறகு கணவருக்கு மாறுதல் வந்து அக்கா குடும்பத்தோடு சென்னைப் பக்கம் போய்விட்டார். அதற்கு முந்தைய மாம்பழ சீசனில் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அதே கூழ் ஆலையில் மெஷின் மறுபடி நின்றது. பையைப் பிடித்துக்கொள்கிறது, வால்வைத் திறக்கமாட்டேன் என்கிறது. எங்கள் பெட்டிதான் காரணம் என்று மேனேஜர் முதலாளிக்குப் போன் செய்தார். இல்லவே இல்லை என்றார் முதலாளி. பக்கத்திலிருந்த நானும் போனை வாங்கி இல்லை என்றேன். எர்த்திங்கைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன்.

"நீங்க எல்லாரும் எப்பவும் இதத்தான் சொல்வீங்க" என்றார் மேனேஜர். "அந்தம்மா இருக்காங்களா? அவங்ககிட்டப் போனக் குடுங்க. அவங்க சொல்லட்டும்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சாப்பாட்டு நேரம். முதலாளி தானே எழுந்து, போனைக் கையில் பிடித்துக்கொண்டு கேன்டீனுக்கு நடந்தார். பின்னாலேயே நானும் போனேன். அக்காவின் டப்பாவுக்குப் பக்கத்தில் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, "கிருஷ்ணகிரிம்மா" என்றார். அடுத்த மேசையிலிருந்து ஸ்டோர்ஸ் அம்மா கழுத்தை நீட்டிப் பார்த்தார். இந்த வாயிலிருந்து இப்போது என்ன வருமோ என்று முதலாளியின் முகத்தில் எழுதியிருந்தது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டார். "சொல்லுங்க சார். பெட்டிக்குப் பக்கத்துல யாரு நிக்காங்க?"

"நான்தாம்மா" என்று இன்னொரு குரல் வந்தது. எலெக்ட்ரீஷியன்.

"அண்ணே, பெட்டி மேல எந்த லைட்டு எரியுது?"

அவர் சொன்னார். பையைத் தட்டிப் பார்க்கச் சொன்னார் அக்கா. தட்டினால் எந்த லைட்டாவது மாறுகிறதா என்று கேட்டார். மாறவில்லை. முந்தைய நாள் எங்கள் ஆள் யாராவது அங்கே போனார்களா என்று என்னிடம் கேட்டார். போகவில்லை என்றேன். தான் அந்தப் புரோகிராமைத் தொட்டது எப்போது என்று வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார்.

"சார், பை வந்துட்டுதுன்னு சென்சார் சொன்னாத்தான் பெட்டி வால்வத் தொறக்கும். சென்சார் சொல்லல. பெட்டி அதுக்காகக் காத்துக்கிட்டு நிக்கு. இது எங்க தப்பு இல்ல."

"சரிம்மா" என்றார் மேனேஜர். வேறு கேள்வி கேட்கவில்லை. முதலாளி பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. போனை எடுக்கக் கை நீட்டினார். அப்போது அந்தப் பக்கத்திலிருந்து எலெக்ட்ரீஷியனின் குரல் மறுபடி வந்தது. மேனேஜர் பக்கத்திலேயே நிற்கிறார் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

"அம்மா, அப்ப அது நான்தாம்மா. காத்தால அந்த சென்சாரக் கழட்டித் தொடச்சேன். மாட்றப்ப ஒயர சரியா அழுத்தல போல."

கேன்டீனில் யாரும் சாப்பிடவில்லை. மேனேஜர் இப்போது வெடிப்பார் என்று காத்திருந்தோம். மெஷின் ஓடாத அமைதியில், வாசலில் ஏதோ ஒரு டிராக்டரின் ஹாரன் மட்டும் போனில் கேட்டது.

"சரி, போயி மாட்டு" என்றார் மேனேஜர். "வண்டி நிக்குது பாரு."